பால்மரமும் பனித்திடலும்



கடந்த பள்ளி விடுமுறையின்போது ராசாவில் உள்ள எங்கள் இல்லத்திற்கு ஒரு தாயும் மகளும் வந்திருந்தனர். மகள் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவ மாணவி. தோழியின் பிறந்தநாளுக்காகச் சன்வே பிரமிட் பேரங்காடிக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள பனிச்சறுக்குத் திடலில் சிலர் பனி ஹாக்கி பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறாள். அன்று முதல் அவளுக்கு அதே நினைவு. தானும் கற்க வேண்டும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

தாயார் என்னிடம் சொன்னது இது: "டீச்சர், நீங்க சொன்னா கேட்பா. குளிர் நாட்டுப் பிள்ளைங்க நாலு அஞ்சு வயசுலயே ஆரம்பிக்கிற விளையாட்டாம். இவளுக்குப் பதினாலு ஆயிடுச்சு. அதோட, இதெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்?"

மகள் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்வதாகக் கூறி அனுப்பிவைத்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தாயார் கேட்டவை உண்மையில் இரண்டு கேள்விகள். இது நமக்குரிய விளையாட்டா என்பது ஒன்று. பதினான்கு வயதில் தொடங்கலாமா என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

உறைந்த ஏரிகளிலும் குளங்களிலும் கோலும் பந்தும் கொண்டு ஆடும் வழக்கம் குளிர் நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வந்தது. எனினும், இன்று நாம் காணும் பனி ஹாக்கிக்குத் தொடக்க நாளாகப் பலரும் குறிப்பிடுவது 1875ஆம் ஆண்டு மார்ச் 3. அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில், விக்டோரியா சறுக்குத் திடலில், கூரையின் கீழ் ஓர் ஆட்டம் நடைபெற்றது. ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் அதனை ஏற்பாடு செய்தார். கூரையின் கீழே பந்து துள்ளிப் பார்வையாளர்மீது பட்டுவிடும் என்ற அச்சத்தால், தட்டையான மரவில்லை ஒன்றைப் பயன்படுத்தினர். பின்னாளில் அந்த மரவில்லையின் இடத்தை ரப்பர் வில்லை பிடித்தது. இன்றும் அது கடினமாக்கப்பட்ட ரப்பரால் ஆனதே, விட்டம் 7.62 சென்டிமீட்டர், தடிமன் 2.54 சென்டிமீட்டர். 'பக்' என்பது அதன் பெயர்.

ரப்பர் என்றதும் ராசாவில் வாழும் நமக்கு எதுவும் நினைவுக்கு வராமல் இருக்குமா? நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவிய பால்மரம் அன்றோ அது!

மாண்ட்ரியல் ஆட்டத்திற்கு அடுத்த ஆண்டாகிய 1876இல் இலண்டன் மாநகரில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆனால் இரண்டுமே நம் கதையோடு தொடர்புடையவை.

முதலாவது, அவ்வாண்டு ஜனவரியில் ஜான் கேம்ஜி என்பவர் 'கிளேசியேரியம்' எனும் செயற்கைப் பனித்திடலைத் திறந்தார். இவர் கால்நடை மருத்துவர். தொலைதூர நாடுகளிலிருந்து இறைச்சியைக் கெடாமல் கொண்டுவர உறையவைக்கும் வழியை ஆராய்ந்தபோதுதான் இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது. செப்புக் குழாய்களில் கிளிசரின் கலந்த குளிர்ந்த நீர்மத்தை ஓடவிட்டு, குழாய்களின்மேல் இருந்த நீரை உறையச் செய்தார். இன்றைய பனித்திடல்களும் அடிப்படையில் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. தரைக்கு அடியில் குழாய்கள். அவற்றில் உறைநிலைக்கும் கீழே குளிர்விக்கப்பட்ட உப்புநீர் அல்லது அதுபோன்ற நீர்மம். மேலே மெல்லிய அடுக்கடுக்காகத் தெளித்து உறையவைக்கப்படும் நீர். சில சென்டிமீட்டர் கனமே உள்ள அப்பனி, வெளியே வெயில் கொளுத்தினாலும் உருகுவதில்லை.

இரண்டாவது, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22, 1877இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் அந்தத் தொடக்கத்திலிருந்து எழுந்தவை. அத்தோட்டங்களுக்காகவே தமிழகத்து ஊர்களிலிருந்து நம்மவர்கள் கப்பலேறினர். உலகின் ரப்பர் உற்பத்தியில் மலாயா முன்னணியில் நின்றதற்கு அவர்களின் உழைப்பே அடித்தளம்.

ஆகவே, செயற்கைப் பனி இந்த விளையாட்டை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்தது. ரப்பர் நம்மை இந்த நாட்டிற்குக் கொண்டுவந்தது. பனித்திடலில் ஓடும் அந்தக் கறுப்பு வில்லை நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று எப்படிச் சொல்வது?

பனி ஹாக்கி நம் நாட்டிற்கு வந்த காலம் அண்மையது. சன்வே பிரமிட் பனித்திடல் 1997இல் திறக்கப்பட்டது. அனைத்துலகப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பு 1908இல் பாரிசில் தோன்றியது. அதில் மலேசியா உறுப்பினரானது 2006இல்தான். 2017இல் கோலாலம்பூரில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பனி ஹாக்கி இடம்பெற்றது. இறுதியாட்டத்தில் தாய்லாந்தை வென்று பிலிப்பீன்ஸ் தங்கம் பெற்றது. இயற்கைப் பனியையே காணாத இரு நாடுகள் இறுதியாட்டத்தில் மோதின என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பதினான்கு வயது தாமதமான வயதா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு எல்லா விளையாட்டுமே தாமதமாகத்தான் தொடங்குகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. எழுத்தும் எண்ணும் கற்பிக்க ஓர் அறை கிடைத்தது. பல தோட்டங்களில் அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றும் சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழு அளவுத் திடல் இல்லை. பதின்மூன்று வயதில் முதலாம் படிவத்திற்கோ புகுமுக வகுப்பிற்கோ செல்லும்போதுதான் நம் பிள்ளை ஹாக்கிக் கோலை முதன்முதலாகக் கையில் எடுக்கிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஐந்தாறு ஆண்டுகள் ஆடிப் பழகியிருக்கும். நம் பிள்ளை வெட்கப்பட்டு ஒதுங்கிவிடும். "அவனுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை" என்று நாமும் எழுதிவிடுகிறோம்.

ஆனால் புல்திடல் ஹாக்கியில் நம்மவர்கள் பெற்ற இடம் சிறியதன்று. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலாயா வெண்கலம் வென்றது. 1975இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில்தான் 3-2 எனத் தோற்றது. அந்தக் குழுவின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். மகேந்திரன், பாலசிங்கம் ஆகியோரும் அக்குழுவில் ஆடினர். மலாய், சீன, சீக்கிய, யூரேசிய ஆட்டக்காரர்களோடு தோளோடு தோள் நின்று ஆடிய அவர்களின் பெயர்களை இன்றைய நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? வாய்ப்பும் திடலும் கிடைத்த இடத்தில் நம்மவர்கள் ஆடிக் காட்டியிருக்கிறார்கள்.

பனியிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. இமயமலையில் உள்ள லடாக் பகுதியில் இந்திய இராணுவத்தினர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உள்ளூர் மக்கள் பனி ஹாக்கியைக் கற்றனர். தொடக்கத்தில் இராணுவக் காலணியின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு சறுக்கினர். லே நகரில் குளம் உறைந்திருக்கும் இரண்டு மாதங்களே அவர்களின் பயிற்சிக் காலம். பெண்களுக்கு அந்த இடமும் எளிதில் கிடைக்கவில்லை. இந்தியப் பெண்கள் குழு 2016இல் பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டிக்கொண்டுதான் முதன்முறையாக ஆசியப் போட்டிக்குச் சென்றது. எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. மறு ஆண்டு பாங்காக்கில் பிலிப்பீன்சை 4-3 என வென்று முதல் வெற்றியைச் சுவைத்தது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. முதல் போட்டிக்கும் பதக்கத்திற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

இன்னொருவர் சிவ கேசவன். கேரளத்தைச் சேர்ந்த தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மணாலி அருகே பிறந்தவர். சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துப் பனிப்பாதையில் விரையும் 'லூஜ்' எனும் விளையாட்டை அவர் அறிந்ததே பதின்ம வயதில்தான். பனிப்பாதை இல்லாததால் வண்டியில் சக்கரங்களைப் பூட்டி மலைச்சாலையில் பழகினார். 1998இல், பதினாறு வயதில், ஜப்பானின் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 2018 வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளைக் கண்டார். பெண்கள் பனி ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றதும் அதே நாகானோவில்தான்.

இவற்றையெல்லாம் எழுதும்போது, என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பி.எம்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், என் முன்னாள் மாணவன் ஒருவன் இரண்டாம் படிவத்தில் ஹாக்கியில் சேர்ந்தான். என்னைக் காண வந்தபோது கோலோடு வந்தான், அவ்வளவு மகிழ்ச்சி. நான் சொன்னது: "இனிமேல் கற்று எப்போது மாநிலத்துக்கு ஆடப் போகிறாய்? தேர்வைப் பார்." ஆசிரியர் பயிற்சியில் பிள்ளை வளர்ச்சி பற்றி எத்தனையோ பாடம் படித்தவள் நான். அவற்றுள் ஒன்றும் அன்று நினைவுக்கு வரவில்லை. அவன் கோலை வைத்துவிட்டான். தேர்விலும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மாலை நேரங்களில் அவன் எங்கே இருந்தான், யாருடன் இருந்தான் என்பதை அவன் தாயார் பின்னர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

மாநிலத்துக்கு ஆடாவிட்டால் ஆட்டமே வீண் என்று அன்று நான் எண்ணியதே பிழை. நான்கு வயதில் தொடங்கும் கனடாப் பிள்ளைகளிலும் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகின்றனர். மற்றவர்கள் ஆடுவது உடலுக்காகவும் நட்புக்காகவும் மகிழ்ச்சிக்காகவுமே. பதின்ம வயதில் தொடங்கும் பிள்ளைக்குச் சில நன்மைகளும் உண்டு. சொல்வதைப் புரிந்துகொள்ளும், தன் விருப்பத்தால் வருவதால் பிறர் தூண்ட வேண்டியதில்லை. தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கமே. ஏழு வயதுப் பிள்ளைகள் பறந்துகொண்டிருக்கும் இடத்தில் பதினான்கு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து எழ வேண்டும். பனிச்சறுக்கில் முதலில் கற்பிப்பதே விழவும் எழவும்தான்.

பெற்றோர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. இது செலவு மிக்க விளையாட்டு. அதை மறைப்பதில் பயனில்லை. எனவே எடுத்த எடுப்பில் கவசங்களை வாங்க வேண்டாம். திடலில் வாடகைக் காலணியுடன் சில முறை சறுக்கிப் பழகட்டும். ராசாவிலிருந்து அங்குச் சென்றுவர நேரமும் பணமும் ஆகும் என்பதால், இடைப்பட்ட நாள்களில் ஒரே வரிசைச் சக்கரங்கள் கொண்ட சறுக்குக் காலணியுடன் சமதரையில் பழகலாம். பனியில்லாத நாடுகளின் ஆட்டக்காரர்கள் பலரும் அவ்வாறு தொடங்கியவர்களே. கோலைக் கையாளப் பள்ளி ஹாக்கிக் குழு உதவும். சிரம்பான் 2இல் ஹாக்கி அரங்கும் உள்ளது. காயம் பற்றி அஞ்சுவோர் இதையும் அறிக: அனைத்துலக விதிகளின்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணிய வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' எனும் கொள்கை 2011 முதல் நம் பள்ளிகளில் உள்ளது. அதைப் பதிவேட்டில் நிரப்பும் கட்டமாக மட்டும் கருதாதீர்கள். ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் பிள்ளையிடம், "புதிய பள்ளியில் உனக்குத் தெரியாத ஒரு விளையாட்டில் சேர்ந்துகொள்" என்று சொல்லி அனுப்புங்கள். நம் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல் பிள்ளையுடன் நெடுநாள் இருக்கும்.

ஒரு வாரம் கழித்துத் தாயும் மகளும் மீண்டும் வந்தனர். செலவைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் தாயாரிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினேன். மாதம் ஒருமுறை பனித்திடல், மற்ற நாள்களில் பள்ளி ஹாக்கிக் குழு, ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம் என்று முடிவாயிற்று. பிறகு மகளிடம், "உன் கொள்ளுப்பாட்டி பால்மரம் சீவியவர், தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். அந்தக் கறுப்பு வில்லை எதனால் ஆனது என்பதைச் சொன்னேன். அவள் தாயார்தான் முதலில் சிரித்தார்.

போன சனிக்கிழமை முதற் பயிற்சிக்குச் சென்று வந்தாளாம். பதினேழு முறை விழுந்தாளாம். எண்ணி வந்து சொன்னாள்.