கருவில் தொற்றும் வைரஸ்கள்: விலங்கு மாதிரிகளின் வரலாறு

தாயின் உடலில் நுழைந்த வைரஸ் நஞ்சு எனப்படும் பிளாசென்டாவைக் கடந்து கருவைத் தாக்குவதை மனிதரிடம் சோதித்துப் பார்க்க முடியாது. சினை விலங்குகளில் அத்தொற்றை உண்டாக்கி, எந்த நாளில் தொற்றினால் கருவுக்கு என்ன ஆகிறது என்று அறியும் ஆய்வுமுறை அதனால்தான் தோன்றியது. எலி, கினிப்பன்றி, குரங்கு ஆகியவை இதில் பெயர்பெற்றவை. ஆனால் சங்கரன்கோவில் வட்டார மானாவாரி நிலங்களில் கிடை போடப்படும் செம்மறி இனம் இத்துறைக்குக் கற்றுக்கொடுத்தது அவற்றுக்குக் குறைந்ததல்ல.

கருவுக்கு வைரஸால் ஊனம் நேரும் என்பதை முதலில் உறுதியாகக் காட்டியவர் ஒரு கண் மருத்துவர். பிறவிக் கண்புரையுள்ள குழந்தைகளின் தாய்மார் பலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா கண்டிருந்ததை ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக் 1941-இல் எழுதினார். ரூபெல்லா மனிதரை மட்டுமே இயற்கையாகத் தொற்றும். அதற்குப் பொருத்தமான விலங்கு வாய்க்கவில்லை. தமிழகத்திலும் பிறவி ரூபெல்லாவைக் கண்டறிவதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முன்னின்றது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இங்கே 2017 பிப்ரவரியில் வந்தது.

செம்மறியின் கதை ஒரு தடுப்பூசியின் பக்கவிளைவில் தொடங்குகிறது. கொசுவினும் சிறிய கியூலிகாய்டஸ் பூச்சி கடித்துப் பரப்பும் நீலநாக்கு நோய்க்கு, கோழிக்கருவில் வளர்த்து வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸை அமெரிக்காவில் ஊசியாகப் போட்டுவந்தனர். சினையின் இரண்டாம் மாத வாக்கில் ஊசி போட்ட ஆடுகள் மூளை வளராத, பால்குடிக்கத் தெரியாத குட்டிகளை ஈன்றதை கலிஃபோர்னியக் கால்நடை மருத்துவர்கள் 1955-இல் பதிவு செய்தனர். நல்லது செய்யப் போய் விளைந்த கேடுதான். ஆனால் அறிவியலுக்கு அது பெரிய திறப்பு.

பென்னி ஆஸ்பர்ன் குழுவினர் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், அதே வைரஸை வெவ்வேறு வயதுக் கருக்களுக்குள் நேரடியாகச் செலுத்தினர். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். 50 நாளையொட்டித் தொற்றிய கருவில் பெருமூளை அழிந்து நீர்ப்பையாயிற்று. 75 நாளையொட்டித் தொற்றியதில் மூளையில் ஆங்காங்கே குழிகள் விழுந்தன. 100 நாள் கடந்த கருவுக்கு லேசான அழற்சியோடு போயிற்று. வைரஸ் ஒன்றே, கேட்டின் அளவைக் கருவின் வயது தீர்மானித்தது.

செம்மறியில் இன்னொரு வசதியும் உண்டு. மனித நஞ்சில் தாயின் இரத்தம் கருவின் திசுவை நேரடியாக நனைக்கிறது. ஆட்டின் நஞ்சில் இடையே பல அடுக்குகள் இருப்பதால் தாயின் எதிர்ப்புரதங்கள் உள்ளே போவதில்லை. பிறந்த குட்டிக்குச் சீம்பால் கட்டாயம் என்று ஆடு மேய்க்கும் கீதாரிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. எனவே கருவின் இரத்தத்தில் எதிர்ப்புரதம் இருந்தால், அது கரு தானே உண்டாக்கியது. மனித நஞ்சிலிருந்து வேறுபடுவது இங்கே குறையாகவில்லை, கருவியாயிற்று.

இந்தியாவில் நீலநாக்கு நோய் 1964-இல் மகாராஷ்டிரத்தில் அறியப்பட்டது. 1997-98இல் தமிழகச் செம்மறிகளிடையே கடுமையாகப் பரவியது. பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பங்கேற்ற அகில இந்தியத் திட்டத்தில் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கான தடுப்பூசி உருவானது. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால், கலிஃபோர்னியாவில் நேர்ந்தது போன்ற விபத்துக்கு இடமில்லை.

மனித நோய்க்கான இந்திய மாதிரி லக்னோவில் பிறந்தது. இந்தியாவில் முதலில் 1955-இல் வேலூரில் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 1978-இல் உத்தரப்பிரதேசத்தில் பெரிதாக வெடித்தது. கருச்சிதைவுற்ற கருவிலிருந்து அவ்வைரஸைப் பிரித்தெடுத்ததாக லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியின் யு.சி. சதுர்வேதி, ஆஷா மாத்தூர் குழுவினர் 1980-இல் தெரிவித்தனர். அடுத்த ஆண்டே சுண்டெலிகளிலும் வைரஸ் நஞ்சைக் கடப்பதைக் காட்டினர். எலிகள் மறுமுறை சினைப்பட்டபோதும் அது குட்டிகளுக்குச் சென்றது: தேறிவிட்டதாகத் தோன்றிய தாயின் உடலில் வைரஸ் ஒளிந்திருந்தது.

கருவைத் தாக்கும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸின் ஆய்வுக்குக் கினிப்பன்றியே ஏற்றது. அதன் நஞ்சு அமைப்பு மனிதருடையதை ஒத்தது; அதற்கே உரிய சைட்டோமெகலோ வைரஸும் கருவை எட்டும்.

2015-இல் பிரேசிலில் சிறுதலைக் குழந்தைகள் பிறந்தபோது, அதற்குக் காரணமான ஸிகா வைரஸுக்கு மாதிரி தேடினர். சாதாரண வளர்ந்த எலியை அவ்வைரஸ் வெல்வதில்லை. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் தடுப்பை நீக்கிய எலிகளில் கருவில் பாதிப்பைக் காண முடிந்தது. மக்காக் குரங்குகளில் நடந்த ஆய்வு மருத்துவர்களுக்கு ஒரு கூடுதல் வேலையைத் தந்தது. தலை அளவு பெரிதாகக் குறையாத குரங்குக் கருக்களிலும் மூளை சேதமடைந்திருந்ததால், தொற்றுற்ற தாய்க்கு இயல்பான தலையோடு பிறந்த குழந்தையையும் தொடர்ந்து கவனிக்க வேண்டியதாயிற்று.