சோழவரம் முதல் இண்டியானாபொலிஸ் வரை: சாய்வுத் தடமும் டயரும்

சோழவரம் பந்தயத் தடம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்த தடமாகும். வடசென்னையின் மாத்தூரிலிருந்து மாதவரம், செங்குன்றம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் சோழவரத்தை அடையலாம். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கு ஆண்டுதோறும் அகில இந்தியப் பந்தயங்களை நடத்தி வந்தது. 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்படும் வரை, தென்னிந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான்.

போர் முடிந்தபின் கைவிடப்பட்ட ஓடுதளங்களைப் பந்தயத்துக்குப் பயன்படுத்துவது அன்று பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. 1950-இல் முதல் பார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் ஒரு போர்க்கால விமானத் தளமே. இலங்கையின் கட்டுகுருந்தையிலும் இதே கதைதான். அகலமான தளம் ஏற்கனவே இருக்கிறது. வைக்கோல் கட்டுகளை அடுக்கித் திருப்பங்களைக் குறித்தால் போதும். ஆனால் விமானம் இறங்கும் பாதை தட்டையாகத்தான் இருக்க முடியும். இந்த ஒரு காரணத்தால் சென்னையின் பந்தய மரபு முழுவதும் தட்டைத் தளத்திலேயே வளர்ந்தது.

சாய்வு என்ன செய்கிறது

திருப்பத்தில் காரை உள்நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். தட்டைத் தளத்தில் அதைத் தருவது டயரின் உராய்வு மட்டுமே. தளத்தின் வெளிப்பக்கத்தை உயர்த்திச் சாய்வாகக் கட்டினால், தளமே காரை உள்நோக்கித் தள்ளும். 1907-இல் இங்கிலாந்தில் ஹியூ லாக் கிங் கட்டிய புரூக்லண்ட்ஸ் தடம் இப்படித்தான் அமைந்தது. அந்தக் கட்டுமானச் செலவு அவரைத் திவாலின் விளிம்புக்கே கொண்டு சென்றது. 1909-இல் வந்த இண்டியானாபொலிஸ் தடத்தின் சாய்வு 9 பாகைக்குச் சற்று மேல். 1959-இல் திறக்கப்பட்ட டேடோனாவில் 31 பாகை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். திருப்பத்தின் ஆரம் 300 மீட்டர், டயரின் உராய்வுக் குணகம் 1 என்று கொள்வோம். காற்று காரைக் கீழே அழுத்துவதை விட்டுவிட்டால், தட்டைத் தளத்தில் அந்தத் திருப்பத்தை மணிக்கு ஏறத்தாழ 195 கி.மீ. வேகத்துக்கு மேல் கடக்க முடியாது. அதே ஆரத்தில் 31 பாகைச் சாய்வு இருந்தால், 300 கி.மீ. வேகத்துக்குக்கூட உராய்வுக் குணகம் 0.73 போதும்.

இதைப் படிக்கும் மாணவர் சாய்வுத் தடம் டயருக்குச் சுகமானது என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறு. மேற்சொன்ன 300 கி.மீ. வேகத்தில் அந்தச் சாய்வு காரை அதன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகத் தளத்தோடு அழுத்தும். 1,000 கிலோ கார் 2,000 கிலோ கார்போல் டயர்களின் மேல் உட்காருகிறது. பக்கவாட்டில் வழுக்கும் அபாயம் குறைகிறது. டயரின் பக்கச்சுவர் நசுங்கி, சூடேறி, கிழியும் அபாயம் கூடுகிறது.

அதனால் சாய்வுத் தடத்துக்கான காரை அமைக்கும் முறையே வேறு. அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். வலப்புற டயர்களே பெரும் சுமையைத் தாங்குவதால் அவற்றில் காற்றழுத்தம் அதிகம். அப்பக்கத்து ஸ்பிரிங்குகளும் பெரும்பாலும் கடினமானவை. பின்பக்க வலது டயரின் சுற்றளவு இடது டயரைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். தரையில் உருட்டிவிட்ட காகிதக் கூம்பு தானாக வளைந்து செல்வதுபோல, காரும் தானாக இடப்பக்கம் திரும்ப முனையும். முன் சக்கரங்கள் இரண்டின் மேற்பகுதியும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பந்தயத்தின் நடுவே கார் நிற்கும் சில நொடிகளில், ஊழியர் ஒருவர் பின்பக்க ஸ்பிரிங்கின் மேலுள்ள திருகாணியை ஸ்பானரால் அரைச் சுற்று திருகி, மூலைகளுக்கிடையே எடைப் பகிர்வை மாற்றிவிடுவார். இப்படி அமைத்த காரை நேர்ப்பாதையில் ஓட்டினால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டேதான் போக வேண்டும்.

சோழவரத்தில் இவற்றுக்குத் தேவையே இல்லை. நீண்ட ஓடுபாதையில் முழு வேகம். முடிவில் பலமாகப் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும். எஸ். கரிவரதன் இங்கு தாமே உருவாக்கிய கார்களை ஓட்டினார். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதை இன்றும் பேசுகிறார்கள். ஓட்டுநருக்கு முக்கியமான கலை, பிரேக் பிடிக்கும் இடத்தைக் கணிப்பதே.

டயருக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதுதான், ஆனாலும் குறிப்பிடத்தக்கது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே எம்ஆர்எஃப் ஆகி, அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் டயர் தயாரித்தது. பின்னாளில் பந்தய டயர்களும் செய்தது. 1955 முதல் புல்லட் உற்பத்தியைத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலையும் திருவொற்றியூரில்தான் இருந்தது.

2005: பதின்மூன்றாம் திருப்பம்

நரேன் கார்த்திகேயன் 1977-இல் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். மாருதி 800 எஞ்சின் பொருத்திய, கரிவரதன் வடிவமைத்த பார்முலா மாருதி காரில்தான் நரேன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். அதுவும் தட்டையான இருங்காட்டுக்கோட்டையில். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்க கிராண்ட் பிரீ இண்டியானாபொலிஸில் நடந்தது. பார்முலா ஒன் கார்கள் நீள்வட்டத்தின் ஒரு சாய்வுத் திருப்பத்தை மட்டும், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கடந்தன. அதுவே பதின்மூன்றாம் திருப்பம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் பழுதாகி, கார் சுவரில் மோதியது. தங்கள் டயர்கள் அத்திருப்பத்தில் முழுப் பந்தயத்துக்கும் தாங்கும் என்று உறுதிகூற முடியாது என மிச்செலின் அறிவித்தது. அவ்வாண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் முடியாது. வேகத்தைக் குறைக்கத் தற்காலிக வளைவு அமைக்கும் யோசனையை சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு ஏற்கவில்லை.

முன்னோட்டச் சுற்று முடிந்ததும் மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்களும் பந்தயத்திலிருந்து விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே ஓடின. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே தடத்தின் நீள்வட்டப் பந்தயங்களுக்கு டயர் வழங்கி வந்ததால், அத்தளத்தின் இயல்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவையே. அவருடைய கடைசிப் புள்ளிகளும் அவையே. ஆறு பேர் ஓடிய பந்தயம் என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. தாங்கும் டயரைத் தேர்வதும் பந்தயத்தின் ஒரு பகுதி என்பதால் அந்தப் பேச்சு முழு நியாயமாகாது.

2010-இல் நரேன் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் பந்தயங்களில் இறங்கினார். அரை மைலுக்குச் சற்றே கூடுதலான மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத்தில் நடந்த முதல் பந்தயத்தில் 13-ஆம் இடம். அவ்வாண்டு அப்பிரிவில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இந்தியாவில் பந்தயத்துக்கான சாய்வு நீள்வட்டத் தடம் இன்னும் கட்டப்படவில்லை. 2021-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 11.3 கி.மீ. நீளத்தில் திறக்கப்பட்ட நாட்ராக்ஸ் அதிவேகத் தடத்தின் வளைவுகள் சாய்வாக அமைந்தவை. ஆனால் அது வாகனச் சோதனைக்காகக் கட்டப்பட்டது.