நாடாவில் பிரிந்த படம்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நம்மில் பலர் கொட்டகையில் கண்டதில்லை. தொலைக்காட்சியிலும் வீடியோ நாடாவிலுமே கண்டோம். அது சுருளில் இருந்த அதே படந்தானா?

பேசும் படச் சுருளில் வினாடிக்கு 24 படங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையிலோ 25. ஆகவே பொதுவாகச் சுருளைச் சற்று வேகமாக ஓட்டிப் பதிவு செய்தனர். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்தது. குரலும் சற்றே கீச்சிட்டது. மேலும், ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாயிற்று. ஜோடி மாறிச் சேர்ந்தால், வீசும் கையின் ஓரம் சீப்புப் பற்களைப் போலத் தெரியும்.

இதைச் சரிசெய்யலாம். 2000-இல் தொடங்கப்பட்ட எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளுக்குத் தட்டச்சில் கட்டளையிட வேண்டும். அதிலுள்ள 'ஃபீல்டுமேட்ச்' என்ற வடிகட்டி ஒவ்வொரு பாதிக்கும் உரிய ஜோடியைத் தேடி இணைக்கும். பிறகு படத்தையும் ஒலியையும் பழைய வேகத்துக்குக் குறைத்தால் இயல்பான குரல் திரும்பும். நாடாவில் ஏறாமற்போன நுட்பம் மட்டும் திரும்பாது.

ஆனால் மீட்பதற்கு ஒரு பிரதியாவது எஞ்சியிருக்க வேண்டுமே! அகஸ்தீஸ்வரத்தில் 1975-இல் மறைந்த ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' இன்று ஒரு சுருள்கூட இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடா கிடந்தால், எறிந்துவிடாதீர்கள்.