ரப்பர்ப் பந்திலிருந்து ரிலே வரை

தாமாக நகரும் யந்திரங்கள் வீதிக்கு வந்த புதிதில் அவற்றைக் கண்டு அஞ்சிய இங்கிலாந்து தேசத்துப் பாராளுமன்றத்தார், அத்தகைய வண்டி எதுவாயினும் அதற்கு முன்னே ஒரு மனிதன் செங்கொடி ஏந்தி நடந்து செல்லவேண்டும் என்று 1865-இல் சட்டம் செய்தார்கள். முன்னே நடந்த அந்த மனிதனுக்கு 1896-இல் விடை கொடுத்தபோது, அவன் செய்து வந்த வேலையை ஏற்பதற்கு வண்டியிலேயே ஒரு மணியோ, சப்தத்தால் எச்சரிக்கும் வேறொரு கருவியோ இருந்தாகவேண்டும் என்ற நியதி பிறந்தது. மோட்டார் ஹாரனின் சரித்திரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் சரித்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த பங்கு எப்பொழுதும் பின்தங்கியதாகவே இருந்தது என்பதையும், அதற்குக் காரணம் அதன் சிறிய பாட்டரியே என்பதையும் உணர்ந்தவனே இன்று அதில் ஏர் ஹாரனைப் பழுதில்லாமல் பொருத்தத்தக்கவன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆதியில் வழங்கிய ஹாரனுக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை. வளைந்த பித்தளைக் குழல், அதன் அடியில் மெல்லிய உலோக நாக்கு, கடைசியில் கைக்கு அடங்கும் ரப்பர்ப் பந்து என்ற மூன்று உறுப்புகளே உடைய அந்தச் சாதனம், சென்னையின் ஆட்டோ ரிக்ஷாக்களில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நீடித்திருந்தது. மூன்று சக்கரமோ நான்கு சக்கரமோ உடைய வாகனத்தில் ஒரு கையை எடுத்துப் பந்தை அழுத்துவதனால் பெரிய பாதகம் ஏதுமில்லை. இரண்டு சக்கரத்தில் செல்பவனுக்கோ, ஆபத்து எதிர்ப்பட்டு ஹாரன் அவசியமாகும் அதே கணத்தில்தான் இரண்டு கைகளும் பிடியை விடாதிருப்பதும் அவசியமாகிறது. ஆகவே, கட்டைவிரல் ஒன்றே அசைந்து ஒலி எழும்ப வேண்டும் என்ற தேவை மோட்டார் சைக்கிளுக்கே அதிகம் இருந்தது.

அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் உருவாக்கி, நியூஜெர்சி மாகாணத்து நூவர்க் நகரில் 1908 முதல் செய்து விற்கப்பட்ட கிளாக்ஸன், மின்மோட்டார் சுழற்றும் பற்சக்கரம் ஒன்று உலோகத் தகட்டின் நடுவிலிருந்த குமிழை ஓயாமல் உரசித் தள்ள, அந்தத் தகடு அதிர்ந்து அலறும்படி அமைந்தது. முதல் உலக யுத்தத்தில் விஷவாயு வருகிறது என்று பதுங்குகுழிகளில் இருந்தோரை எச்சரிப்பதற்கு அதையே பிரயோகித்தார்கள் என்றால் அதன் குரல் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அதன் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் பாட்டரியே இல்லாத அக்காலத்து மோட்டார் சைக்கிள் எங்கிருந்து கொடுக்கும்? கையால் அழுத்திச் சுழற்றும் மாதிரியோடு அது திருப்தியடைய வேண்டியிருந்தது. பின்னர், மோட்டாரை நீக்கி, மின்காந்தம் இழுத்து விடும் தகடும், நொடிக்குச் சில நூறு முறை சேர்ந்து பிரியும் ஒரு ஜோடி பாயிண்டும் கொண்ட எளிய மின்ஹாரன் வந்தது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் தன் ஹாரனை 1921-இல் வெளியிட்டது. பர்மிங்ஹாமின் லூக்காஸ் நிறுவனம் செய்த ஆல்டெட் என்னும் வட்டமான ஹாரன் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் முகத்தையே அலங்கரித்தது. மோட்டார் சைக்கிளில் இவை பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரத்தில் வாழ்ந்தவை.

அந்த 6 வோல்ட் உலகந்தான் நம் ஊருக்கும் வந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கியது. லூக்காஸ் டி.வி.எஸ். 1961-இல் ஏற்பட்டுப் பாடியில் வாகன மின்கருவிகளைச் செய்தது. அதே பாடியில் அடுத்த ஆண்டு தோன்றிய சுந்தரம் கிளேட்டன், லாரிக்கும் பஸ்ஸுக்கும் காற்று பிரேக் செய்து கொடுத்தது. இந்தக் காற்று பிரேக்தான் சாலையின் ஒலியை மாற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக்குக்காக டாங்கியில் அடைத்து வைத்த அழுத்தக் காற்று எப்பொழுதும் தயாராக இருக்கையில், அதில் ஒரு கிளைக்குழாய் எடுத்து எக்காளம் ஒன்றில் செலுத்தினால் போதும். பாட்டரிக்கு ஒரு துளி சிரமமும் இல்லாமல் மைல் தூரத்துக் குரல் கிடைத்துவிடும். கோயம்புத்தூரில் 1970-இல் வேர்விட்ட ரூட்ஸ் தொழிலகம் ஹாரன் உற்பத்தியில் இத்தேசத்தின் முன்னணிக்கு வந்தது. லாரிகள் இவ்வாறு குரல் பெற்றுவிட்ட நெடுஞ்சாலையில், அவற்றின் பக்கத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளின் மெல்லிய தகட்டொலி எந்த டிரைவரின் காதில் விழும்? ஏர் ஹாரன் மீது மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு உண்டான ஆசையை வெறும் ஆடம்பரம் என்று நான் ஒருகாலும் சொல்லமாட்டேன்.

காற்று டாங்கி இல்லாத வண்டிக்கு, கையளவு கம்ப்ரஸரையும் எக்காளத்தையும் ஒரே கூட்டில் அடக்கிய சாதனங்கள் பிற்காலத்தில் வந்தன. இத்தாலியின் ஸ்டீபெல் நாட்டிலஸ் அவற்றில் பிரசித்தமானது. தகட்டு ஹாரன் 3 ஆம்பியர் அளவில் பிழைத்திருக்க, இந்தக் கம்ப்ரஸர் ஏறக்குறைய 18 ஆம்பியர் கேட்கும். பழைய ஹாரனின் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், போக வர 2 மீட்டர் தூரம் இத்தனை மின்சாரம் பாய்ந்தால் வழியிலேயே 1.3 வோல்ட் கரைந்துபோகும். கைப்பிடியிலுள்ள சுவிட்சின் பாயிண்டுகளோ சில நாட்களில் தீய்ந்துவிடும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் மோட்டார் வண்டிக்கு முன்பே, தந்தியின் பாலியத்திலேயே பிறந்திருந்தது. ஹட்சிசனின் கிளாக்ஸன் உதித்த அதே நியூஜெர்சியில், பிரின்ஸ்டன் கல்லூரிப் பேராசிரியர் ஜோசப் ஹென்றி, தொலைவிலிருந்து வரும் சோர்ந்த மின்சாரம் ஒரு காந்தத்தை எழுப்ப, அந்தக் காந்தம் அருகிலுள்ள வலிய மின்சுற்றை மூடும் ரிலேயை 1835-லேயே செய்து காட்டியிருந்தார்.

ரிலேயின் நான்கு கால்களில் 30 என்ற எண்ணுள்ளதை, 20 ஆம்பியர் பியூஸ் வழியாகப் பாட்டரியின் பாஸிடிவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியால் இணைத்து, 87-ஐக் கம்ப்ரஸருக்குக் கொடுத்து, கம்ப்ரஸரின் மறுமுனையை எர்த்தில் சேர்த்தால் வலிய சுற்று முடிந்தது. 85, 86 என்ற இரண்டும் 0.15 ஆம்பியர் அளவே கேட்கும் சுருளின் முனைகள். இங்கேதான் புத்திசாலிகளும் தவறுகிறார்கள். பல மோட்டார் சைக்கிள்களில் சாவி போட்ட உடனே ஹாரனுக்கு மின்சாரம் வந்து நிற்கும். பட்டன் செய்வதெல்லாம் எர்த் கொடுப்பதே. இதை அறியாமல் 85-ஐத் தனியே பாடியில் எர்த் செய்து, ஹாரனின் ஒரு கம்பியை மட்டும் 86-இல் மாட்டினால், எடுத்த கம்பி எதுவோ அதற்கேற்ப, சாவி திருப்பிய கணமே வண்டி ஓயாமல் அலறும், அல்லது எத்தனை அழுத்தினாலும் மௌனமாயிருக்கும். பழைய ஹாரனிலிருந்து கழற்றிய இரண்டு கம்பிகளையும் அப்படியே 85, 86 இரண்டிலும் மாட்டிவிட்டால், எந்த விதமான ஒயரிங்காயிருந்தாலும் ரிலே கீழ்ப்படிந்து நடக்கும்.

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுப் பக்கத்தில் ஒரு முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம் சிஷ்யப் பையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். மீட்டரை அவர் தொடவேயில்லை. ரிலேயின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு பையனைப் பட்டனை அழுத்தச் சொன்னார். "டக்குனு அடிக்குதா? அப்போ பட்டன் பக்கம் சுத்தம். ரிலே பேசி ஹாரன் பேசலேன்னா பியூஸைப் பாரு, பியூஸ் நல்லாயிருந்தா எர்த்தைப் பாருடா" என்றார். பையன் எர்த் நட்டைக் கழற்ற, எர்த் கம்பியின் முனையிலுள்ள லக் அமர்ந்திருந்த இடம் கறுப்புப் பெயிண்ட் மாறாமல் பளபளத்தது. எமரித் தாளால் அதை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து மீண்டும் முடுக்கியவுடன் ஹாரன் கணீரென்று எழுந்தது. ரிலே அடிக்கவே இல்லையானால் கோளாறு பட்டன், சாவி, சுருள் இவற்றுள் ஒன்றில் இருக்கும். கம்ப்ரஸர் சுழன்றும் குரல் கம்மினால் காற்றுக் குழாயின் கசிவையும், எக்காளத்தில் தேங்கிய மழைநீரையும் பார்க்கவேண்டும். எக்காளத்தின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிப் பொருத்துவது அதற்காகவே. அழுத்தும்போது முகவிளக்கும் சேர்ந்து மங்கினால் குற்றம் ஹாரனுடையதன்று, பாட்டரியுடையது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, தம் 119-ஆம் விதியில், மாறி மாறி வெவ்வேறு ஸ்வரங்களை எழுப்பும் ஹாரனையும், அளவு மீறிக் கடூரமாயும் திகிலூட்டுவதாயும் ஒலிக்கும் சாதனத்தையும் தடுக்கின்றன. வண்டியில் பொருத்திய ஹாரனின் ஒலி 7 மீட்டர் தூரத்தில் 112 டெசிபெலைத் தாண்டலாகாது என்பது தர நிர்ணயம். இந்தத் தடையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலிலும் பள்ளிக்கூடத் தெருவிலும் லாரியின் குரலுக்கு வேலையில்லை. ஆகையால் பழைய தகட்டு ஹாரனைக் கழற்றி எறியாமல் அதன் இடத்திலேயே விட்டுவைத்து, இருவழிச் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்து, ஊருக்குள் பட்டனின் ஆணை அதற்கும், விதிக்கு அடங்கிய ஏர் ஹாரனாயிருப்பின் நெடுஞ்சாலையில் மட்டும் ரிலேக்கும் செல்லும்படி ஒயரிங் செய்துகொள்ள வேண்டும். அதற்கு அதிகப்படியாகத் தேவைப்படுவது ஒரு சுவிட்சும் ஒரு முழக் கம்பியுமே.