பெண் சிசுக்கொலை ஆய்வும் அரசுக் கொள்கையும் (தேனி)

இன்று தேனி மாவட்டத்தில் உள்ள, உத்தமபாளையம் வட்டத்து ராயப்பன்பட்டி உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கு, முன்பு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986இல் 'இந்தியா டுடே' இதழ் நாடறியச் செய்தது. பெற்றோர் வளர்க்க விரும்பாத குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது.

கொடுமை எந்த அளவில் நடந்தது என்பதைக் காட்டியவை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகள். அவற்றில் பல சிசு மரணங்களுக்கு 'சமூகக் காரணம்' என்றே குறிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு சொற்களுக்குள் கொல்லப்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் அப்பதிவுகளை ஆராய்ந்து 1997இல் கட்டுரை வெளியிட்டனர். மதுரையிலிருந்து சேலம், தருமபுரி வழியாக வடக்கே நீளும் தொடர்ச்சியான பகுதியில் இக்கொலைகள் நிகழ்வதை அது காட்டியது. ஒரே சாதியின் வழக்கம் என்ற எண்ணம் தகர்ந்தது. இதுவே அந்த ஆய்வின் பெரும்பயன்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 891 பெண் குழந்தைகளே இருந்தனர். மாநில அளவில் 942. அதே ஆண்டு தொட்டில் திட்டம் தேனிக்கும் விரிந்தது. தொட்டில், பிறந்த குழந்தையைத்தான் காக்கும்; ஸ்கேனில் பாலினம் அறிந்து கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது.