ஆறு நிமிடமும் அக்கம்பக்கமும்: ஹாங்காங்கின் தீ வரலாறு

நகரங்களின் வரலாற்றை ஆட்சியாளர் பெயரால் எழுதுவது மரபு. ஹாங்காங்கின் வரலாற்றையோ தீயின் பெயராலும் எழுதலாம். மலைக்கும் கடலுக்கும் இடையே நெருங்கி எழுந்த அந்நகரில் பெருந்தீ பலவும் ஒரு தெருவையோ, ஒரு துறையையோ, ஒரு சட்டத்தையோ விட்டுச் சென்றுள்ளன.

1851 டிசம்பர் இறுதியில், சீன மக்கள் செறிந்து வாழ்ந்த ஷியுங் வான் பகுதி எரிந்தது. இடிபாடுகளைக் கொட்டிக் கடலோரம் மேடாக்கப்பட்டது. பான்ஹம் ஸ்ட்ராண்ட் என்னும் தெரு அவ்வாறு பிறந்தது. 1868 மே 9-இல் ஆங்கிலேய அரசு முறையான தீயணைப்புப் படையை நிறுவியது. சார்லஸ் மே அதன் முதல் தலைவரானார். அதற்கு ஈராண்டு முன்னரே, 1866-இல், சீன வணிகர்கள் தம் பொருட்செலவில் வட்டாரக் காவற்படை ஒன்றை அமைத்திருந்தனர். அரசின் படையும் அக்கம்பக்கத்தாரின் விழிப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றமை நோக்கத்தக்கது.

கான்டனீஸ் மொழியில் ‘கைஃபோங்’ என்றொரு சொல் உண்டு. அது குடியிருப்பு வட்டாரத்தையும் குறிக்கும். அங்கு வாழும் அண்டை வீட்டாரையும் குறிக்கும். இடமும் மனிதரும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது பொருளுடையது. 1949 முதல் இப்பெயரால் நலச்சங்கங்கள் தோன்றின. அவை ஏழைகளுக்கு மருத்துவமும் கல்வியும் தந்தன. பேரிடர்க் காலங்களில் துயர்துடைப்புப் பணியும் ஆற்றின.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்தது. சீனப் பெருநிலத்திலிருந்து அகதிகளாக வந்து தங்கியிருந்தோர் உட்பட 50,000-க்கும் மேற்பட்டோர் ஓரிரவில் வீடிழந்தனர். 1954-இல் மீள்குடியேற்றத் துறை அமைக்கப்பட்டது. அடுக்கு வீடுகள் எழுந்தன. வளர்ந்த ஒருவருக்கு 24 சதுர அடி என்பதே அளவு; குழாயும் கழிப்பறையும் பொது. அக்காலக் கட்டடங்களுள் மெய் ஹோ இல்லம் இன்றும் நிற்கிறது. இந்நகரின் பொதுவீட்டு வசதித் திட்டத்திற்கு அச்சாம்பலே வித்தாயிற்று.

வீடுகள் வானோக்கி வளர்ந்தபோது தீயும் உடன் ஏறியது. 1996 நவம்பரில் கார்லி கட்டடத்தில் மின்தூக்கிப் பழுதுபார்ப்பின்போது பற்றிய தீ, அத்தூக்கியின் குழிவழியே மேலேறி 41 உயிர்களைக் குடித்தது. அவருள் ஒருவர் தீயணைப்பு வீரர். அதன்பின் கடுமையான சட்டங்கள் வந்தன. 1987 மார்ச்சுக்கு முற்பட்ட குடியிருப்புகளையும் மேம்படுத்த வேண்டும் என்னும் சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பல கட்டடங்களில் உரிமையாளர் சங்கமே இல்லை. சங்கம் இருந்த இடத்திலும் செலவைப் பகிர்வதில் இணக்கம் எளிதில் ஏற்படவில்லை. அரசு அனுப்பிய ஆணைகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 2024 ஏப்ரலில் ஜோர்டன் பகுதியில் ஐவரைப் பலிகொண்ட நியூ லக்கி ஹவுஸ் அத்தகைய ஆணையைப் பெற்றும் நிறைவேற்றாத கட்டடமே.

2025 நவம்பர் 26-இல் தாய் போ வட்டாரத்தின் வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில் புதுப்பிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. மூங்கில் சாரம், போர்த்திய வலை, சன்னல்களை மூடிய நுரைப்பலகை ஆகியவற்றுக்கிடையே தீ பரவியது. எட்டுக் கட்டடங்களுள் ஏழு எரிந்தன. 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள்ளும் ஒரு தீயணைப்பு வீரர் இருந்தார். எச்சரிக்கை மணிகள் முறையாக ஒலிக்கவில்லை. அயலார் வந்து கதவைத் தட்டியதால் உயிர் தப்பியோர் உண்டு.

நெருக்கமான பகுதிகளுக்கு 6 நிமிடத்துள் சென்று சேர்வது ஹாங்காங் தீயணைப்புத் துறை தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு. அது போற்றத்தக்க இலக்கே. எனினும் அந்த ஆறு நிமிடமும் வட்டாரத்தின் கையில் உள்ளது. மணி ஒலிக்குமா, படிக்கட்டு தடையின்றி இருக்குமா, தட்ட ஒரு கை வருமா என்பன வண்டி புறப்படுமுன்பே, பல ஆண்டுகளுக்கு முன்பே, முடிவாகிவிடுகின்றன. கைஃபோங் என்னும் சொல்லில் இடத்தையும் மனிதரையும் பிரிக்க இயலாது. பிரிந்து வாழும் அடுக்குகளில் தீயே முதல் விருந்தாளியாக நுழைகிறது.