கல்லும் கண்ட இடமும்: தொன்மைக் கற்களை இனங்காணும் நெறி

முன்னுரை

இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. அச்செய்தியைப் பயின்ற மலேசியத் தமிழரிடம், இம்மண்ணில் நம் முன்னோர் விட்டுச் சென்ற சுவடுகளைக் காணும் வேட்கை இயல்பாகவே அமைந்துள்ளது. ஆகவே தோட்டப்புறத்தில் செதுக்கியது போன்ற கல் ஒன்று தென்படின், அது சோழர் காலத்ததோ என்னும் வினா எழுவது வியப்பன்று. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தானா ராத்தாவும் இதற்கு விலக்கன்று. அத்தகைய கற்களைத் திரட்டுவதிலும் இனங்காண்பதிலும் கைக்கொள்ள வேண்டிய நெறியை இக்கட்டுரை ஆராய்கின்றது. கல்லைப் போலவே அது கிடந்த இடமும் சான்று என்பதே நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

இடம் தரும் சான்று

கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நிகழ்த்தினார். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலைப் பின்னர் அலஸ்டர் லேம்ப் ஆராய்ந்தார். 1960-இல் அது மீட்டமைக்கப்பட்டது. அக்கோயிலின் கட்டுமானத்தினுள் குழிகள் குடையப்பட்ட கற்பேழைகள் கிடைத்தன. தூண் நிறுத்துவதற்குரிய துளையுடைய கல்தளங்களும் வரிசையாக அமைந்திருந்தன. இவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்து வந்து நம்முன் வைத்தால், அதனைத் துளையிட்ட கல் என்பதற்கு மேல் யாதும் கூற இயலாது. இருந்த இடத்தில் இருந்தமையாலேயே ஒன்று கோயிலின் வைப்புப் பேழையாகவும் மற்றொன்று மண்டபத் தூணின் அடித்தளமாகவும் அறியப்பட்டன.

எழுத்துடைய கல்லின் நிலை சற்றே வேறானது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட் பகுதியில் கிடைத்த சிறு உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்னும் தமிழ்த்தொடர் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் கணிப்பர். பொன்னின் மாற்று அறியும் கைக்கல் தன் எழுத்தாலேயே தமிழ்த் தொழில்வினைஞரின் கடல்கடந்த இருப்பைக் காட்டுகின்றது. ஆயினும் எழுத்தற்ற கற்களே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றிற்கு இடமே பெருந்துணை.

மலாய் மக்கள் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல், எனப் போற்றிய கற்கள் இதற்கு மற்றொரு சான்று. இடி விழுந்த இடத்தில் தோன்றியவை எனக் கருதப்பட்ட இவை, உண்மையில் புதிய கற்கால மக்கள் தேய்த்து மெருகேற்றிய கற்கருவிகள். நம்பிக்கை அக்கற்களைப் பேணிக் காத்தது. ஆனால், கைமாறிக் கைமாறி வந்தமையால் பலவற்றின் பிறப்பிடம் மறைந்தது.

இழப்பு உணர்த்தும் பாடம்

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற எழுத்துப் பொறித்த பெரும்பாறை 1843-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய சில துண்டுகளின் எழுத்து இன்றளவும் ஐயமறப் படிக்கப்படவில்லை. ஏறக்குறைய ஐம்பது வரிகள் கொண்டிருந்த ஆவணம் சிதறியபின் அதனை ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பும் சிதறியது. 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்டமை, இவ்விழப்பு பழங்கதையன்று என்பதை உணர்த்துகின்றது. பொறியும் வெடியும் செய்யும் அழிவை நாம் எளிதில் கண்டிக்கின்றோம். ஆர்வலர் ஒருவர் கல்லைப் பெயர்த்து வீட்டிற்குக் கொண்டு செல்வதும் அளவில் சிறிய அதே அழிவே.

மலைநாட்டுக் கற்கள்

கேமரன் மலை தீபகற்பத்தின் நடு மலைத்தொடரைச் சார்ந்தது. அதன் கருங்கல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமையுடையது. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் இக்கல் இயற்கைப் பிளவுகளின் வழியே சிதைந்து, வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரியும். உருண்டைக் கற்களும் நேர்க்கோட்டு வெடிப்புகளும் அவ்வாறு தோன்றும். எனவே நேர்க்கோடு கண்டவுடன் உளி எனத் துணிதல் தகாது. உளித்தடம் எனின், ஒத்த அளவும் ஒரே சாய்வும் உடைய கொத்துகள் தொடர்ந்து அமைந்திருத்தல் வேண்டும். அத்தடத்தின் உட்பகுதி கல்லின் புறப்பரப்பைப் போன்றே நிறம் மாறியுள்ளதா என்பதும் நோக்கத்தக்கது.

உளித்தடம் உறுதிப்பட்டாலும் தொன்மை உறுதிப்படுவதில்லை. லயத்துப் பெண்கள் புழங்கிய அம்மியும் ஆட்டுக்கல்லும் காலந்தோறும் கொத்தப்பட்டவையே. புதர் மண்டிய பழைய லயத்தருகே பாதி புதைந்த அம்மி, காண்பார்க்குக் கல்வெட்டுப் பலகையாகத் தோன்றக்கூடும். வில்லியம் கேமரன் இம்மலையை அளக்க வந்தது 1885-இல். போ தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929-இல். அதன் பின்னர்த் தொழிலாளர் நட்ட முனியாண்டிக் கல்லும், சூலம் செதுக்கிய எல்லைக் கல்லும் நூறாண்டை எட்டாதவையாயினும் வரலாற்று ஆவணங்களே. அவற்றைச் சோழர் காலத்தன எனக் கூறுவது பெருமை சேர்ப்பதன்று. அவற்றை நட்டவர்தம் வரலாற்றை அழிப்பதாகும். காடழித்து மலையில் குடியேறிய அம்மக்கள் எழுதி வைத்தவை மிகக் குறைவு. அவர்கள் நட்ட கல்லே பல இடங்களில் அவர்தம் கையெழுத்து.

முடிவுரை

தமிழாசிரியர் இத்துறையில் ஆற்றத்தக்க பணி பெரிது. ஐயத்திற்குரிய கல்லைக் கண்டால் அதனை அசைத்தல் கூடாது. அளவுகோலை அருகில் வைத்துப் பல கோணங்களிலும் படமெடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்து, அக்கல் பற்றி முதியோர் கூறும் செய்தியை அவர்தம் சொல்லிலேயே பதிவு செய்தல் வேண்டும். எழுத்துத் தெளிவாகத் தெரியச் சுண்ணாம்பு நிரப்புவதும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் சான்றைக் கெடுக்கும். மைப்படி எடுக்கும் பணியைப் பயிற்சி பெற்றோரிடம் விடுதலே முறை. வழிபாட்டில் உள்ள கல்லாயின் வழிபடுவோரின் இசைவு முதற்கண் பெறப்பட வேண்டும். 2005-ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டமும், தொல்பொருள் என நம்பத்தக்கதைக் கண்டவர் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கின்றது.

கல் எக்காலத்தது என்னும் விடை ஆய்வாளரிடமிருந்து தாமதமாகவும் வரலாம். நாம் விரும்பாத விடையாகவும் அமையலாம். அது கிடந்த இடம் குலையாது காக்கப்பட்டால் எவ்விடையும் நமக்குப் பயனே தரும்.